காரணம் சொல்லாத பேய்

பேய்ப் படங்கள் எனக்கு உயிர். தமிழ், மலையாளம், ஜப்பானியம், கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் என்று எது கிடைத்தாலும் விடுவதில்லை. இத்தனை வருஷமாகப் பார்த்ததில் ஒரு விஷயம் மட்டும் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. தியேட்டரில் நாற்காலியோடு தூக்கிப்போட்ட படங்கள் பல, வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் மறந்துபோகின்றன. ஒரு தடவைகூடத் திடுக்கிட வைக்காத சில படங்கள் வாரக்கணக்கில் கூடவே இருக்கின்றன, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் ஹால் விளக்கைப் போட வைக்கின்றன.

திடுக்கிடுவதையும் பயப்படுவதையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம், இரண்டும் வேறு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் உடம்பு துள்ளுவது அனிச்சைச் செயல், கைக்குழந்தைகூடத் துள்ளும். அலமாரிக் கண்ணாடியை மூடும்போது பின்னால் ஒரு முகம், கூடவே வயலின்கள் கீச்சென்று அலறல் என்றால் யாராயிருந்தாலும் துள்ளத்தான் செய்வார்கள். அதில் இயக்குநர் சாதித்தது குறைவு. நான் பயம் என்று சொல்வது அதற்கப்புறம் வருவதை, படம் முடிந்த பிறகும் தொடர்வதை. என் அனுபவத்தில், பேய் எதற்காக வந்தது என்று படம் முழுசாக விளக்கிவிட்டால் அந்தப் பயம் அங்கேயே இறங்கிவிடுகிறது. விளக்காமல் விட்டாலோ, விளக்கிய பிறகும் அந்த விளக்கத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆனாலோதான் அது என்னோடு வீட்டுக்கு வருகிறது. (இனிமேல் படங்களின் முடிவுகளையும் சேர்த்தே பேசப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நம் ஊர்ப் பேய்க்கு எப்போதுமே ஒரு காரணம் உண்டு. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது, அவ்வளவு பழையது. பல வடிவங்களில் சொல்கிறார்கள், பொதுவாக வருவது இதுதான்: கணவன் கையால் செத்த பெண் பேயாகிறாள். அவன் அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்து அந்தப் பக்கம் வரும்போது அவனுடைய மனைவி வேஷத்தில் பின்தொடர்கிறாள், இடுப்பில் குழந்தை, அந்தக் குழந்தை உண்மையில் ஒரு கள்ளிக் கொம்பு. அவன் பயந்து ஓடி ஊர் வேளாளர் சபையில் தஞ்சம் புகுகிறான். அவள் சபை முன் நின்று அழுகிறாள். என் புருஷன் என்னைக் கைவிட்டு ஓடுகிறார், சேர்த்து வையுங்கள் என்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. அவன் கையில் காவலுக்கு ஒரு வாள் இருக்கிறது, அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்ல, சபை அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் 70 பேர் உயிரும் உனக்கு ஈடு என்று வாக்குக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் பிணம். சொன்ன வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதைக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று நீலியின் நியாயம்: அவள் கொல்லப்பட்டவள், கணக்குத் தீர்க்க வந்தவள். இன்னொன்று அந்த வணிகனின் நிலைமை. அவன் சொல்வது உண்மை, அவனைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை. ஊரார் கெட்டவர்கள் இல்லை, நல்ல மனசோடுதான் அவன் வாளைப் பிடுங்கிப் பேயோடு சேர்த்து வைக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் குலை நடுங்க வைக்கிறது. தமிழ் சினிமா நீலியிடமிருந்து முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது என்பது என் வருத்தம்.

‘காஞ்சனா’ 2011-இல் வந்தது. சரத்குமார் திருநங்கையாக வருகிற அந்த முன்கதையைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தி இன்னொரு திருநங்கையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைப்பதும், ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்துச் சாவதும், தமிழில் வெகுஜனப் படம் ஒன்று அந்த மக்களுக்குக் கொடுத்த அபூர்வமான மரியாதை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முன்கதை வந்த நிமிஷத்திலிருந்து நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறோம். பேய் வில்லனைத் தூக்கிப்போட்டு மிதிக்கும்போது தியேட்டரே கைதட்டுகிறது. அங்கே பயப்பட வேண்டியவர்கள் திரையில் இருக்கிற அயோக்கியர்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு வரிசையாக வந்த பேய்ப் படங்களில் முதல் பாதி சிரிப்பு, இடைவேளைக்குப் பிறகு கண்ணீர் முன்கதை, கடைசியில் கோயில் வாசலில் சண்டை என்று ஒரு வார்ப்பே உண்டாகிவிட்டது. பேயை நமக்குப் பாவப்பட்ட சொந்தக்காரியாக ஆக்கிவிட்டார்கள். சொந்தக்காரியிடம் என்ன பயம்?

இதே ஊரில், இதே மொழியில்தான் ‘யாவரும் நலம்’ வந்தது. 2009, விக்ரம் குமார் இயக்கம், மாதவன், ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். என்னைப் பொறுத்தவரை அதன் முதல் பாதிக்கு இணையாகத் தமிழில் இன்னும் ஒன்று வரவில்லை. கடன் வாங்கி அடுக்குமாடியில் பதின்மூன்றாவது மாடியில் வீடு வாங்கிக் கூட்டுக்குடும்பமாகக் குடிவருகிறார்கள். தினமும் பால் திரிந்துபோகிறது. சாமி படம் மாட்ட ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. லிஃப்ட் மற்றவர்களுக்கு வேலை செய்கிறது, மாதவன் நடிக்கிற மனோகர் ஏறினால் மட்டும் நகர்வதில்லை. வீட்டுக்குள் கைபேசியில் எடுத்த அவன் முகம் மட்டும் கோணிக்கொண்டு வருகிறது. யோசித்துப் பாருங்கள், இதில் ஒன்றையும் போலீஸில் போய்ச் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டில் சொன்னால்கூடச் சிரிப்பார்கள். புது வீட்டுக்குப் போனால் லிஃப்ட் ரிப்பேர் ஆவதும் பால் திரிவதும் எல்லாருக்கும் நடப்பதுதான்.

அப்புறம் அந்த சீரியல். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கிற ‘யாவரும் நலம்’ தொடரில் இவர்களைப் போலவே ஒரு குடும்பம் புது வீட்டுக்கு வருகிறது. அங்கே நடப்பது இங்கே நடக்கிறது. நல்ல செய்திகள்தான் முதலில் வருகின்றன, அதனால் யாரும் கவனிக்கவில்லை. மனோகர் கவனிக்கிறான். ஒரு நாள் தொடரில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆபத்து வருகிறது. அதிலிருந்து அவன் தினமும் ஒரு மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் போய் உட்காருகிறான், தன் குடும்பத்துக்கு இன்றைக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்ள. ஒரு மெகா சீரியல் பார்ப்பதை இத்தனை பதற்றமாக எடுக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. படம் பார்த்த காலத்தில் எங்கள் வீட்டிலும் மத்தியான சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இரண்டாம் பாதியில் அந்த இடத்தில் 1977-இல் நடந்த கொலைகள் வெளியே வருகின்றன, யார் செய்தது என்ற முடிச்சு அவிழ்கிறது. கச்சிதமாகத்தான் அவிழ்கிறது, கொலைகாரன் யார் என்பது நல்ல அதிர்ச்சிதான். ஆனால் அந்தப் பகுதி எனக்குத் துப்பறியும் படமாகத்தான் மனசில் நிற்கிறது. பயமாக நிற்பது பால் திரிந்த அந்தக் காலை வேளைகள்.

சரி, விளக்கம் வந்தும் பயம் போகாத படம் எது என்றால் என் பதில் உடனே ‘ரிங்கு’. கோஜி சுசுகியின் நாவலை வைத்து ஹிடியோ நகாதா எடுத்தது, 1998. ஒரு வீடியோ கேசட், பார்த்தவர்கள் ஏழு நாளில் செத்துப்போகிறார்கள். பத்திரிகையாளர் ரெய்கோ அதைப் பார்த்துவிடுகிறாள், அவளுடைய முன்னாள் கணவன் ரியூஜி பார்க்கிறான், கடைசியில் அவர்களுடைய சின்னப் பையனும் பார்த்துவிடுகிறான். இருவரும் சேர்ந்து தேடிப் போகிறார்கள். சதாகோ என்ற பெண்ணின் கதை கிடைக்கிறது, அவளைத் தள்ளிய கிணறும் கிடைக்கிறது. ரெய்கோ கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றில் துழாவி, அந்த எலும்புக்கூட்டைக் கண்டெடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அவளுடைய கெடு முடிந்தும் அவள் சாகவில்லை. நீலிக் கதை கேட்டு வளர்ந்த எந்தத் தமிழனும் இங்கே எழுந்து செருப்பைத் தேடுவான். அநியாயமாகச் செத்தவளுக்கு ஒருத்தி கண்ணீர் விட்டாள், எலும்புக்கு முறையான அடக்கம் நடக்கப்போகிறது, ஆவி அடங்கியது, படம் முடிந்தது.

படம் அங்கே முடியவில்லை. மறுநாள் பகலில் ரியூஜி தன் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான், தொலைக்காட்சி தானாக ஓட ஆரம்பிக்கிறது, திரையில் அந்தக் கிணறு. அவள் வெளியே ஏறி வருகிறாள். திரையை நோக்கி நடக்கிறாள், திரைக்குள்ளிருந்து தரையில் இறங்குகிறாள். அந்த நடையை எடுக்க ரியே இனோ என்ற நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து, எடுத்த படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினார்கள். அதனால்தான் அந்த அசைவில் மனித உடம்பின் கணக்கு எங்கோ தப்புகிறது, எங்கே என்று நம் கண்ணால் பிடிக்க முடிவதில்லை. ஆனால் என்னை உலுக்கியது அந்த நடையைவிட அதன் அர்த்தம். நீ அவள் கதையைக் கேட்டாய், அவளுக்காக வருந்தினாய், எலும்பை எடுத்துக் கொடுத்தாய், அதற்கெல்லாம் அவளிடம் மதிப்பே கிடையாது. ரெய்கோ பிழைத்ததற்குக் காரணம் அவளுடைய இரக்கம் இல்லை, அந்தக் கேசட்டை ஒரு பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியதுதான் என்பது அதற்கப்புறம்தான் அவளுக்குப் புரிகிறது. கடைசிக் காட்சியில் மகனைக் காப்பாற்ற அவள் காரை ஓட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போகிறாள், கேசட் எடுத்துக்கொண்டு. பேரனுக்காகத் தாத்தா அதைப் பார்க்க வேண்டும். அவள் யோசிக்கக்கூட இல்லை, அவள் இடத்தில் இருந்தால் நாமும் யோசிக்கமாட்டோம். பேய் நம்மைக் கொல்வதைவிட, நம்மை வைத்து இன்னொருவரைக் கொல்லவைப்பது எவ்வளவு கொடூரம் என்று எனக்கு உணர்த்தியது அந்தக் கார்ப் பயணம்தான்.

காரணமே சொல்லாத வகைக்கு வருகிறேன். ராபர்ட் வைஸ் என்றால் நம்மில் பலருக்கு ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இயக்கியவர் என்றுதான் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1963-இல் அவர் ‘தி ஹாண்டிங்’ எடுத்தார், ஷெர்லி ஜாக்சனின் நாவலிலிருந்து. படம் முழுக்கப் பேயே கிடையாது, ஒரு சட்டகத்தில்கூட. சுவரைத் தட்டுகிற சத்தம் இருக்கிறது, உள்நோக்கிப் புடைக்கிற ஒரு மரக்கதவு இருக்கிறது. அந்தப் பேய் வீட்டில் தங்க வந்த எலனோர் ஒரு ராத்திரி இருட்டில் படுத்திருக்கிறாள், சுவருக்குள்ளிருந்து யாரோ முணுமுணுக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. பயத்தில் தோழி தியோவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், வலிக்கிறது, இவ்வளவு அழுத்தாதே என்று கெஞ்சுகிறாள். விளக்கு எரிகிறது. தியோ அறையின் அந்தப் பக்கத்தில் தூங்கி எழுகிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை? படம் பதில் சொல்வதே இல்லை. இத்தனைக்கும் நாம் பார்த்தது ஒரு நடிகையின் முகத்தையும் சுவரில் இருந்த ஒரு பூ வேலைப்பாட்டையும் மட்டும்தான்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தைய ‘தி இன்னசன்ட்ஸ்’ இன்னொரு வழியில் போகிறது. ஜாக் கிளேட்டன் இயக்கம், இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆசிரியையாக டெபோரா கெர். ஹென்றி ஜேம்ஸின் குறுநாவல்தான் மூலம். அதில் பேய் தெரிகிறது, பட்டப்பகலில் தெரிகிறது, ஏரிக்கு அக்கரையில் நாணல் நடுவே கறுப்பு உடுப்பில் ஒரு பெண் சும்மா நிற்கிறாள். கிட்டே வருவதில்லை, கையை நீட்டுவதில்லை. அந்த அகலத்திரையின் இரண்டு ஓரங்களையும் ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ் வடிகட்டிகளில் வண்ணம் பூசி மங்கலாக்கியிருந்தார், அதனால் ஓரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நாமே தேட ஆரம்பித்துவிடுகிறோம். தேட ஆரம்பித்த கண் படம் முடிந்தும் நிற்காது, உங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் தேடும். அந்தப் பேய்கள் நிஜமா அல்லது அந்த ஆசிரியையின் மனசுதானா என்பதைக் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை, எது உண்மை என்றாலும் குழந்தைகளுக்கு ஆகிற கேடு ஒன்றுதான்.

கியோஷி குரோசாவாவின் ‘கைரோ’வையும் (2001) இங்கே சேர்க்க வேண்டும். அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவில்லை. அதில் பேய் ஓடுவதில்லை. ஓர் இளைஞன் சிவப்பு டேப் ஒட்டிய அறைக்குள் போகிறான், எதிர்ச் சுவரிலிருந்து ஒரு பெண் மெதுவாக நடந்து வருகிறாள், நடுவில் கால் தடுமாறி விழப்போய்ச் சமாளித்து மறுபடி நடக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பேய் ஏன் தடுமாற வேண்டும்? எனக்கு இன்றுவரை தெரியாது, அந்த இடத்தை நினைத்தால் முதுகு சில்லிடுகிறது.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது எனக்கே ஒரு ஆட்சேபம் வருகிறது: ‘மணிச்சித்திரத்தாழ்’. ஃபாசில் 1993-இல் எடுத்த மலையாளப் படம், ‘சந்திரமுகி’க்கு மூலம். அங்கே விளக்கத்துக்குக் குறைவே இல்லை, மோகன்லால் மனநல மருத்துவராக வந்து எல்லாவற்றையும் சொல்கிறார். கங்கா தன்னையே எப்போதோ செத்துப்போன நாகவல்லி என்ற தஞ்சாவூர் நடனக்காரியாக நினைத்துக்கொள்கிறாள், அப்போது தமிழில்தான் பேசுகிறாள். கங்காவாக இருக்கும்போது ஷோபனாவுக்கு பாக்யலட்சுமி குரல், நாகவல்லியாகும்போது துர்கா என்ற இன்னொருவரின் குரல். கடைக்குப் போகக் கூடாது என்று கணவன் சொன்னதும் கங்காவின் கண் மாறி, குரல் மாறி, ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிற இடத்தில் நமக்கு விஷயம் எல்லாம் தெரியும். தெரிந்தும் ஏன் பயம்? என் பதில், அங்கே நாம் பயப்படுவது கணவனாக வருகிற சுரேஷ் கோபிக்காக. அதுவரை தன் மனைவி என்று நினைத்து ஒரே அறையில் வாழ்ந்தவனுக்கு அந்த நிமிஷம்தான் கதவு திறக்கிறது. மறுபடியும் அந்த வணிகன்தான், பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் அடைபட்டவன். ‘சந்திரமுகி’யில் ஜோதிகா நன்றாகவே செய்தார், ஆனால் படம் ரஜினியைச் சுற்றி ஓடுவதால் கணவனின் திகைப்புக்கு அங்கே இடமே போதவில்லை.

பேய்ப் படம் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு போகவேண்டியதுதானே? பல படங்கள் இந்தக் கேள்வியில்தான் சரிந்து விழுகின்றன. நல்ல படம் இதற்குக் கதையிலேயே பதில் வைத்திருக்கும். ‘யாவரும் நலம்’ குடும்பத்துக்கு வீட்டுக் கடன். ‘பிரம்மயுக’த்தில் (2024, ராகுல் சதாசிவன், முழுக்கக் கறுப்பு வெள்ளை) பாணன் தேவன் பாழடைந்த மனையில் பசியோடு வந்து நுழைகிறான், அவனை உள்ளே அழைத்துச் சோறு போடச் சொல்கிற கொடுமண் போற்றியாக மம்மூட்டி. பகடை ஆட அழைக்கிறார். பணயம் வைக்க அவனிடம் எதுவும் இல்லை, அவனுடைய காலத்தையே பணயமாக வைக்கச் சொல்கிறார். தோற்கிறான். இனி அவன் ஆயுள் அவர் கையில். மேல்சாதி வீட்டுத் திண்ணையில் பணிந்து உட்கார்ந்தவன் எழுந்து போக முடியாது என்பதைச் சாத்தன் என்ற பேயின் கதையாகச் சொன்னது எனக்குப் பிரமாதமாகப் பட்டது, அங்கே பேய்க்கும் அதிகாரத்துக்கும் ஒரே முகம்.

ஆனால் ராகுல் சதாசிவனின் முந்தைய படமான ‘பூதகாலம்’ (2022) எனக்கு இன்னும் நெருக்கம். வாடகை வீடு, மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிற அம்மாவாக ரேவதி, வேலை கிடைக்காமல் குடிக்கிற மகனாக ஷேன் நிகம். படுத்த படுக்கையாக இருந்த பாட்டி இறந்ததும் மகனுக்கு வீட்டில் என்னென்னவோ தென்பட ஆரம்பிக்கிறது. அம்மா நம்பவில்லை, குடியால் வருகிறது என்கிறாள். சொந்தக்காரர்கள் அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்து வைத்தியம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் வேதனை. பேயை விடுங்கள், சாப்பாட்டு மேஜையில் அந்த இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது. மகன் சொன்னது நிஜம் என்று அம்மாவும் தன் கண்ணால் பார்க்கிற கட்டம் வரும்போது, அத்தனை பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது: அப்பாடா, ஒருத்தராவது நம்பிவிட்டார்கள். ஒரு பேய்ப் படம் இப்படி ஓர் உணர்ச்சியை எனக்கு அதுவரை தந்ததில்லை.

தமிழில் இந்தத் திசையில் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) தொட்டுவிட்டுப் போனது. விஜய் சேதுபதி கையில் டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பங்களாவில் அலைகிற நீண்ட பகுதி, சந்தோஷ் நாராயணன் இசை, இரண்டும் இன்றைக்கும் பழசாகவில்லை. அத்தனையும் பொய் என்று கதையை மாற்றிய பிறகும், அவன் இட்டுக்கட்டிச் சொன்ன பேயின் பெயரோடு ஒரு சிறுமி கடைசியில் கதவைத் திறக்கிறாளே, அங்கே விளக்கம் எதுவும் கிடையாது, படம் முடிந்துவிடுகிறது. எவ்வளவு சரியான முடிவு அது.

இதில் எதையும் பார்க்காதவர்களுக்கு என் சிபாரிசு, ‘பூதகால’த்தில் ஆரம்பியுங்கள், ராத்திரி, ஹெட்ஃபோன் போட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் முதல் அரைமணி நேரம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ரிங்கு’வை 2002-இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குதிரைப் பண்ணை, மனநல விடுதியில் எடுத்த பதிவு என்று அதில் விளக்கம் கூடுதல், அதனால் முதலில் ஜப்பானியப் படத்தையே பாருங்கள்.